அண்டை நாட்டு ஜனநாயகம்: இந்தியா யார் பக்கம்?

2021 பிப்ரவரி 1, திங்கள்கிழமை காலை. மியான்மரின் தலைநகர் நேபிடாவில், நாடாளுமன்றத்துக்குப் போகும் அகலமான சாலையின் முன்பு முகக்கவசம் அணிந்த உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் காமிராவை நிறுத்தி வைத்துவிட்டு, துள்ளலிசைக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருக்கிறார். பின்னால் கறுப்பு வண்டிகள் வரிசை கட்டி வந்து தடுப்பு அருகே திரும்புகின்றன. அவர் கவனிக்கவில்லை. கையை வீசி, காலை மாற்றி, பயிற்சியை முழுதாக முடிக்கிறார். புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள் அது. அதற்குத் தலைமை தாங்க வேண்டியவர்கள் விடிவதற்குள் கைது செய்யப்பட்டிருந்தார்கள்.

ஒரு ராணுவப் புரட்சி தற்செயலாகப் படமான அந்தக் காணொலியை உலகமே பார்த்தது. மறுநாள் இரவு யாங்கோன் வீடுகளின் பால்கனிகளில் சட்டியும் பானையும் தட்டும் ஓசை எழுந்தது. கெட்ட ஆவிகளை வீட்டைவிட்டு விரட்டப் பர்மிய மக்கள் செய்வது அது. இம்முறை விரட்ட நினைத்தது தளபதி மின் ஆங் லைங்கை. 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக் 476 இடங்களில் 396-ஐ வென்றிருந்தது. ராணுவத்தின் ஆதரவு பெற்ற கட்சிக்குக் கிடைத்தவை 33. தேர்தலில் மோசடி என்று சொல்லி ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது.

மியான்மருடன் இந்தியாவுக்கு இருக்கும் எல்லை 1,643 கிலோமீட்டர். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் என நான்கு மாநிலங்கள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு நாடு இன்னொரு நாட்டில் ஜனநாயகத்தை வளர்க்க முயல வேண்டுமா என்ற கேள்வி அறிஞர்களின் கருத்தரங்குகளில் வெகுகாலமாகப் பேசப்படுகிறது. இந்தியாவுக்கு அது வீட்டு வாசலில் நிற்கும் கேள்வி.

வாஷிங்டன் விலகிக்கொண்டது

1982 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே பேசிய அமெரிக்க அதிபர் ரீகன், உலகெங்கும் ஜனநாயக அமைப்புகளை வளர்க்கத் துணை நிற்போம் என்றார். மறு ஆண்டே அதற்கெனத் தனி நிதியம் பிறந்தது. 2005 ஜனவரியில் இரண்டாம் முறை பதவியேற்ற புஷ், உலகில் கொடுங்கோன்மைக்கு முடிவு கட்டுவதே இறுதி இலக்கு என்று அறிவித்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து அதே வாஷிங்டன் அந்த வேலையிலிருந்து கைகழுவிக்கொண்டது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஜூலையில் யுஎஸ்எய்டு அமைப்பே மூடப்பட்டது. அதே மாதம், அமெரிக்காவின் நலன் தெளிவாகச் சம்பந்தப்பட்டிருந்தால் ஒழிய, பிற நாட்டுத் தேர்தல்கள் நேர்மையாக நடந்தனவா என்று கருத்துச் சொல்ல வேண்டாம் எனத் தூதரகங்களுக்கு உத்தரவு போனது.

பாதிப்பு உடனே தெரிந்தது. தாய்லாந்து எல்லையில் உள்ள மியான்மர் அகதி முகாம்களில் அமெரிக்கப் பணத்தில் இயங்கிய மருத்துவமனைகள் சில நாட்களிலேயே மூடப்பட்டு, நோயாளிகள் வெளியேற்றப்பட்டார்கள். நவம்பரில், நிலைமை மேம்பட்டிருப்பதாகக் காரணம் காட்டி, அமெரிக்காவில் வாழும் மியான்மர் மக்களுக்கான தற்காலிகப் பாதுகாப்பை நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

அமெரிக்காவின் பழைய கணக்கையும் மறந்துவிட முடியாது. ஈரானில் நாடாளுமன்றத்தின் ஆதரவோடு பிரதமரான மொசாதேக்கை 1953-ல் கவிழ்த்ததில் அதன் உளவுத்துறைக்கு நேரடிப் பங்கு உண்டு. 2006-ல் பாலஸ்தீனத் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று வற்புறுத்தியதும் அமெரிக்காதான். 132 இடங்களில் 74-ஐ ஹமாஸ் வென்ற பிறகு அந்த அரசை ஒதுக்கியதும் அமெரிக்காதான். ஜனநாயகம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் சந்தேகம் எழுவதற்கு இந்த வரலாறே காரணம்.

டாங்கியில் வந்த தேர்தல்கள்

ஜனநாயகத்தை வெளியிலிருந்து கொடுக்க முடியும் என்பவர்கள் ஜெர்மனியையும் ஜப்பானையும் காட்டுவார்கள். அவ்விரண்டு நாடுகளிலும் போருக்கு முன்பே கட்சிகள் இருந்தன, நாடாளுமன்றம் இருந்தது, நடைமுறை தெரிந்த அரசு ஊழியர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்ல மறப்பார்கள்.

இராக்கில் 2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் அடுத்தடுத்துப் போட்ட இரண்டு உத்தரவுகள், பாத் கட்சியின் மேல்மட்டத்தினரை அரசுப் பணியிலிருந்து நீக்கின, ராணுவத்தையும் கலைத்தன. லட்சக்கணக்கானவர்கள் துப்பாக்கியோடும் கோபத்தோடும் வீடு திரும்பினார்கள். 2005 ஜனவரி தேர்தலில் மை தோய்ந்த விரலைத் தூக்கிக் காட்டிய இராக்கியர்களின் படம் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. சுன்னி முஸ்லிம்கள் வாழும் அன்பார் மாகாணத்தில் அன்று வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே. அந்தப் பகுதியே கிளர்ச்சியின் களமாக இருந்தது.

ஆப்கானிஸ்தானில் ஜனநாயகத்துக்கு இந்தியாவும் செங்கல் எடுத்து வைத்தது. காபூலில் இந்தியா கட்டித் தந்த நாடாளுமன்றக் கட்டடத்தை 2015 டிசம்பரில் பிரதமர் மோடி திறந்து வைத்தார். 2019 அதிபர் தேர்தலில், பதிவு செய்திருந்த 96 லட்சம் வாக்காளர்களில் எண்ணப்பட்ட வாக்குகள் 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2021 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் அஷ்ரப் கனி நாட்டைவிட்டு வெளியேற, தாலிபான்கள் காபூலுக்குள் வந்தார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இருக்கிறது. 1987-ல் இலங்கை சென்ற இந்திய அமைதிப்படையின் காவலில்தான் 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. வடக்கில் போட்டியே இல்லை; இந்தியாவின் ஆதரவு பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள் வாக்குப்பதிவு இல்லாமலே தேர்வானார்கள். ஈபிஆர்எல்எப் கட்சியின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். 1990 மார்ச்சில் இந்தியப் படை கப்பலேறியது. முதலமைச்சரும் அதே மாதம் வெளியேறினார். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களின் உயிரைக் கொடுத்து நிறுவிய மாகாண ஆட்சி, படை இருந்தவரைதான் இருந்தது. ஈழத் தமிழர்கள் பட்ட பாட்டுக்கு இன்றுவரை முழுக் கணக்கு இல்லை. அமெரிக்காவுக்குப் பாடம் சொல்லும் தகுதி இந்த விஷயத்தில் டெல்லிக்குக் கிடையாது.

இந்த மூன்று இடங்களிலும் ஆட்சியை நிறுத்தி வைத்தது வெளியிலிருந்து வந்த துப்பாக்கி. மியான்மரில் நிலைமை தலைகீழ். அங்கே மக்கள் தாங்களாகவே வரிசையில் நின்று வாக்களித்து முடித்துவிட்டார்கள், அதைத் துப்பாக்கி பறித்துக்கொண்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, 'ஜனநாயகத்தைத் திணிக்கக் கூடாது' என்று பேசுவது நியாயமில்லை. யாரும் அங்கே எதையும் திணிக்கச் சொல்லவில்லை.

பெட்டிச் செய்தி: மியான்மர் 2021–2026

▪ 2021 ஏப்ரல்: தேர்வான உறுப்பினர்களும் இனக்குழுத் தலைவர்களும் சேர்ந்து தேசிய ஒற்றுமை அரசை அறிவித்தார்கள்.
▪ 2022 ஜூலை: முன்னாள் எம்.பி. பியோ சேயா தோ, மூத்த போராளி கோ ஜிம்மி உட்பட நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.
▪ 2023 மார்ச்: தேசிய ஜனநாயக லீக் கலைக்கப்பட்டது.
▪ 2023 அக்டோபர் 27: மூன்று இனக்குழுப் படைகள் சேர்ந்து வடக்கில் பெருந்தாக்குதலைத் தொடங்கின.
▪ 2024 பிப்ரவரி: கட்டாய ராணுவ சேவைச் சட்டம் அமலுக்கு வந்தது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டினார்கள்.
▪ உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்: ஐ.நா. கணக்குப்படி 30 லட்சத்துக்கும் மேல்.
▪ 2025 டிசம்பர் 28 – 2026 ஜனவரி 25: ராணுவம் மூன்று கட்டமாகத் தேர்தல் நடத்தியது. மொத்தமுள்ள 330 நகர்ப்பகுதிகளில் 60-க்கும் மேற்பட்டவற்றில் வாக்குப்பதிவே கிடையாது.

டெல்லி மனம் மாறிய கதை

சூகிக்கு டெல்லி புதிதல்ல. அவருடைய தாய் கின் சீ 1960-ல் இந்தியாவுக்கான பர்மியத் தூதராக வந்தவர். சூகி படித்தது லேடி ஸ்ரீராம் கல்லூரியில். 1988-ல் பர்மிய மாணவர்கள் ரங்கூன் வீதிகளில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ராஜீவ் காந்தி அரசு வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றது. எல்லை தாண்டி வந்தவர்களுக்கு மணிப்பூரிலும் மிசோரமிலும் முகாம்கள் திறக்கப்பட்டன. ஆல் இந்தியா ரேடியோவின் பர்மிய ஒலிபரப்பு, ராணுவ ஆட்சியைக் கடுமையாக விமர்சித்தது. முன்னாள் பிரதமர் ஊ நூவின் மகள் அதில் பணியாற்றினார்.

அந்த உறுதி ஐந்தாண்டுகள்கூட நீடிக்கவில்லை. வடகிழக்கின் ஆயுதக் குழுக்களை அடக்க மியான்மர் ராணுவத்தின் தயவு வேண்டும், சீனாவுக்கு அங்கே இடம் விட்டுவிடக் கூடாது, எரிவாயு வேண்டும் என்ற மூன்று காரணங்களைச் சொல்லி 1993 வாக்கில் டெல்லி தளபதிகளோடு கைகுலுக்கத் தொடங்கியது. 1995-ல் சூகிக்கு நேரு விருது வழங்கப்பட்டதில் தளபதிகள் கோபமடைந்து, இரு ராணுவங்களும் எல்லையில் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்த நடவடிக்கையிலிருந்து விலகிக்கொண்டதாகச் சொல்வார்கள். டெல்லி அதற்குப் பிறகு அதிக எச்சரிக்கையானது. 2007 செப்டம்பரில் பிக்குகள் காவி அங்கியோடு வீதியில் இறங்கிய அதே நாட்களில், இந்தியாவின் பெட்ரோலியத் துறை அமைச்சர் முரளி தியோரா எரிவாயு ஒப்பந்தங்களுக்காக மியான்மரில் இருந்தார்.

2012-ல் டெல்லி வந்த சூகி, கடினமான நாட்களில் இந்தியா தங்களைவிட்டு விலகிப் போனது வருத்தம் தந்ததாக வெளிப்படையாகவே சொன்னார்.

அப்படி என்ன கிடைத்தது?

தளபதிகளோடு நட்பாக இருந்தால் நாட்டுக்கு நன்மை என்பது முப்பது ஆண்டு வாதம். நன்மையை எண்ணிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

முதலில் எரிவாயு. ரக்கைன் கடற்பகுதியின் ஏ-1, ஏ-3 வயல்களில் ஓஎன்ஜிசி விதேஷும் கெயிலும் பங்குதாரர்கள். இந்தியாவுக்கு வரும் என்று காத்திருந்த அந்த எரிவாயுவைத் தளபதிகள் சீனாவுக்கு விற்க முடிவெடுத்தார்கள். 2013 முதல் அது குழாய் வழியாக யுன்னான் மாகாணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்திய நிறுவனங்கள் முதலீடு செய்து எடுக்கும் வாயு, சீன அடுப்புகளில் எரிகிறது.

அடுத்தது காலடான் திட்டம். கொல்கத்தாவிலிருந்து கடல் வழியாக சிட்வே, அங்கிருந்து ஆற்று வழியாகப் பலேத்வா, பின்னர் சாலை வழியாக மிசோரம் என்பது வரைபடம். சிட்வே துறைமுகத்துக்கு 2023 மே மாதம் முதல் சரக்குக் கப்பல் போய்ச் சேர்ந்தது. 2024 ஜனவரியில் பலேத்வாவை அரக்கான் ஆர்மி என்ற இனக்குழுப் படை பிடித்தது. யாரோடு ஒப்பந்தம் போடப்பட்டதோ, அவர்கள் கையில் இப்போது பாதையே இல்லை.

மூன்றாவது பாதுகாப்பு. மணிப்பூர் பள்ளத்தாக்கின் ஆயுதக் குழுக்கள் மியான்மரின் சகாயிங் பகுதியில் தங்கி, ராணுவ ஆட்சியை எதிர்க்கும் மக்கள் படைகளுக்கு எதிராக ராணுவத்தோடு சேர்ந்து சண்டையிடுவதாகத் தொடர்ந்து செய்திகள் வருகின்றன. 2021 நவம்பரில் சூராசாந்த்பூர் மாவட்டத்தில் அசாம் ரைபிள்ஸ் கர்னல் ஒருவரும் அவருடைய மனைவியும் சிறுவயது மகனும் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார்கள். பொறுப்பேற்றவை அத்தகைய குழுக்களே.

இவ்வளவுக்கும் பிறகு டெல்லி கொடுத்துக்கொண்டே இருந்தது. 2021 மார்ச் 27, மியான்மர் ராணுவ தினம். அன்று ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றைய அணிவகுப்புக்குப் பிரதிநிதி அனுப்பிய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதே ஆண்டு ஜூனில், மியான்மருக்கு ஆயுதம் போவதைத் தடுக்கச் சொன்ன ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 119 நாடுகள் ஆதரித்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2022 டிசம்பரில் பாதுகாப்பு சபையிலும் சீனா, ரஷ்யாவோடு சேர்ந்து ஒதுங்கியது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, புரட்சிக்குப் பிறகு அந்த ராணுவத்துக்குப் போன ஏறத்தாழ 100 கோடி டாலர் ஆயுத, உபகரணங்களில் 5.1 கோடி டாலர் இந்தியாவிலிருந்து போனவை என்றது. ரஷ்யா, சீனாவின் பங்கு இதைவிடப் பல மடங்கு. ஆனால் அவ்விரு நாடுகளும் தங்களை 'ஜனநாயகத்தின் தாய்' என்று சொல்லிக்கொள்வதில்லை.

பிறர் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று வெளியுறவு வட்டாரங்கள் சொல்வதை இந்த இடத்தில் ஏற்க முடியாது. ஒரு ராணுவம் சொந்த மக்கள்மீது குண்டு வீசும்போது அதற்கு உபகரணம் விற்பதும் தலையீடுதான். அது தவறான பக்கத்துக்கான தலையீடு.

தியாவ் ஆற்றைத் தாண்டினால்

மிசோரத்தின் சம்பாய் மாவட்டத்தில் சோக்காவ்தார் ஊருக்கும் மியான்மரின் சின் மாநிலத்துக்கும் நடுவே தியாவ் ஆறு ஓடுகிறது. மழையில்லாத மாதங்களில் கால் நனைய நடந்தே கடந்துவிடலாம். ஆற்றுக்கு இருபுறமும் ஒரே இனம். பெண் கொடுத்து எடுத்தவர்கள். 2021 மார்ச்சில் அந்த வழியாக முதலில் வந்தவர்களில், பொதுமக்களைச் சுடும் உத்தரவுக்குப் பணிய மறுத்த மியான்மர் போலீஸ்காரர்களும் இருந்தார்கள்.

அகதிகளைத் தடுத்துத் திருப்பி அனுப்புமாறு மத்திய உள்துறை அமைச்சகம் எல்லை மாநிலங்களுக்கு எழுதியது. மிசோரத்தின் அன்றைய முதலமைச்சர் சோரம்தங்கா, சின் மக்கள் தங்கள் ரத்த உறவுகள், அவர்கள் படும் துயரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று பிரதமருக்குப் பதில் எழுதினார். தேவாலயங்களும் மிசோ இளைஞர் சங்கமும் அரிசியும் துணியும் திரட்டின. 30,000-க்கும் மேற்பட்டவர்களை அந்தச் சின்ன மாநிலம் தாங்கியது. பக்கத்து மணிப்பூரில், அகதிகளுக்கு உணவு முகாம் திறக்க வேண்டாம் என்று வெளியான அரசு உத்தரவு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது.

வெளிநாட்டில் ஜனநாயகத்துக்குத் துணை நிற்பது எப்படி என்று கேட்டால், கடந்த ஐந்தாண்டில் அதற்குச் சிறந்த பதில் தந்தது மிசோரத்தின் தலைநகர் ஐஸ்வால்.

இந்தப் போரில் தமிழர் ரத்தமும் சிந்தியிருக்கிறது. 1960-களில் தளபதி நே வின் ஆட்சி கடைகளையும் நிறுவனங்களையும் தேசியமயமாக்கியபோது பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர் மணிப்பூரின் மோரே நகரில் தங்கிவிட்டார்கள். சென்னையின் பர்மா பஜாரும் அதே விரட்டலின் விளைவு. 2022 ஜூலை 5 அன்று மோரேயிலிருந்து எல்லையைத் தாண்டித் தாமு நகருக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுநர், இன்னொருவர் சிறு வியாபாரி. சுட்டது ராணுவத்துக்கு வேண்டிய ஆயுதக் கும்பல் என்று சந்தேகிக்கப்பட்டது. அதே ஆண்டு, தாய்லாந்தில் கணினி வேலை என்று ஏமாற்றப்பட்டு மியாவாடி பகுதியின் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டிருந்த தமிழக இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். ராணுவத்தின் ஆதரவு பெற்ற எல்லைப்படையின் நிழலில் வளர்ந்தவை அந்தக் கூடங்கள். பக்கத்து நாட்டில் சட்டத்தின் ஆட்சி செத்துப்போனால், சேதம் திருச்சி, கோவை வரை வருகிறது.

சூகியும் ரோஹிங்கியாக்களும்

எதிர்வாதத்தில் வலுவான ஒன்று உண்டு. 2015-ல் வென்று ஆட்சிக்கு வந்த சூகியின் காலத்தில்தான், 2017 ஆகஸ்டில் தொடங்கி ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2019 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் ராணுவத்துக்காக வாதாடப் போனவர் அவரே. உலகம் மியான்மர் ஜனநாயகத்தை ஒரு பெண்மணியின் முகமாகச் சுருக்கிப் பார்த்ததன் விலை அது. ராணுவத்துக்கு நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடம் ஒதுக்கிய 2008 அரசியலமைப்பு அப்படியே இருக்க, மேற்குலகம் 2012 முதலே தடைகளை அவசர அவசரமாகத் தளர்த்தியது.

2021-க்குப் பிறகு எழுந்த தலைமுறை இதை உணர்ந்திருக்கிறது. ரோஹிங்கியாக்களுக்குக் குடியுரிமை தருவதாகத் தேசிய ஒற்றுமை அரசு எழுத்தில் கொடுத்தது. கரேன், கச்சின், சின் இனத்தவரோடு பர்மிய இளைஞர்கள் ஒரே பதுங்குகுழியில் இருந்தார்கள். அவர்கள் கேட்பது கூட்டாட்சி. மொழிவழி மாநிலங்களை அமைத்து, குறைகளோடேனும் நடத்திக்காட்டிய நாடு பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியா தருவதற்கு இதைவிட மதிப்பான பொருள் எது?

டெல்லியின் மேசையில்

படையெடுப்பு வேண்டாம், ஆட்சியைக் கவிழ்க்கும் சதி வேண்டாம். முன்மாதிரி இந்தியாவிடமே இருக்கிறது. 1946-ல், சுதந்திரம் கிடைப்பதற்கு முன்பே, நிறவெறித் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தைத் துண்டித்து, ஐ.நா.வில் அதைக் கூண்டில் ஏற்றியது இந்தியா. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு டெல்லியில் அலுவலகம் கொடுத்தது. 1994-ல் விடுதலையை வென்றவர்கள் தென்னாப்பிரிக்க மக்கள். யார் துணை நின்றார்கள் என்பதை மண்டேலா கடைசிவரை மறக்கவில்லை.

மியான்மருக்கும் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஆயுதமும் உதிரிபாகமும் விற்பதை அரசு நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். ராணுவம் நடத்திய தேர்தலை விமர்சித்தாலே பத்தாண்டு வரை சிறை என்று சட்டம் போட்டு, முதல் கட்டத்திலேயே ராணுவக் கட்சி பெரும்பாலான இடங்களை அள்ளிக்கொண்ட அந்த வாக்கெடுப்பை மக்களின் தீர்ப்பு என்று ஏற்கக் கூடாது. களத்தில் நிலத்தை ஆள்பவர்களோடு வெளிப்படையாகப் பேச வேண்டும். மிசோரம் மாநிலங்களவை உறுப்பினர் வன்லால்வேனா 2024-லேயே எல்லை தாண்டிப் போய் அரக்கான் ஆர்மியினரைச் சந்தித்துவிட்டு வந்தார். ஒரு எம்.பி. தனியாகச் செய்ததை வெளியுறவு அமைச்சகம் முறையாகச் செய்வதில் தடையென்ன?

எல்லாவற்றுக்கும் முன்பு, எல்லையைத் தாண்டி வந்தவர்களுக்கு ஒரு சட்ட அடையாளம் வேண்டும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தனி அகதிகள் சட்டமும் இல்லை. அதன் வலியைத் தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்கள் நாற்பது ஆண்டுகளாக அனுபவிக்கின்றன. அகதிக் குழந்தைகளைப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்ள மிசோரம் அரசு 2021-லேயே உத்தரவிட்டது. அன்று எட்டாம் வகுப்பில் சேர்ந்த சின் மாணவர்கள் இப்போது பிளஸ் டூ முடிக்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் பள்ளிச் சான்றிதழையும் மாநில அரசு எடுத்த கணக்கெடுப்புப் பதிவையும் கல்லூரிச் சேர்க்கைக்குப் போதுமான ஆவணமாக ஏற்பதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. உள்துறை அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும், அதுவும் அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள்.